சிரிப்பை மட்டும் வெட்டினேன்

கம்ப்யூட்டர் திறக்கவில்லை என்று என் கடைக்குத் தூக்கிக்கொண்டு வருகிறவர்களில் பாதிப் பேருடைய கம்ப்யூட்டருக்கு உண்மையில் பெரிதாக ஒன்றும் ஆகியிருக்காது. தூத்துக்குடி உப்புக்காற்றில் உள்ளே இருக்கும் ஒயரின் முனை பச்சை பூத்திருக்கும். கழற்றித் துடைத்துத் திரும்பச் சொருகினால் ஓடிவிடும். ஆனால் கொண்டுவருகிறவர்களின் முகத்தைப் பார்த்தால் ஆஸ்பத்திரி வராந்தாவில் நிற்கிறவர்களைப் போல இருக்கும். "எல்லாம் போயிட்டா?" என்று கேட்பார்கள். "ஒண்ணும் போவாது, உக்காருங்க" என்பேன். அதைக் கேட்பதற்காகவே என்னிடம் வருகிறவர்கள் உண்டு.

மேடம், நடந்ததை என் கையாலேயே எழுதித் தரச் சொன்னீர்கள். எந்தப் பிரிவில் வழக்குப் போடுவது என்று நீங்களும் ஸ்டேஷன் ரைட்டரும் பக்கத்து அறையில் பேசிக்கொண்டது என் காதில் விழுந்தது. உங்களுக்கு அதில் சிரமம் இருக்கும் என்று எனக்கும் தெரிகிறது. நான் யாரையும் தொடவில்லை, மிரட்டவில்லை, எதையும் பறிக்கவில்லை. என்னிடம் ஒரு ஹார்டு டிஸ்க் வந்தது. அதைச் சரிபார்த்தேன். அதிலிருந்து எடுத்ததைக் கொடுத்தேன். அவ்வளவுதான் என்று சொன்னாலும் அதில் பொய் கிடையாது. ஆனாலும் ஒழுங்காக, முதலிலிருந்து சொல்கிறேன்.

என் பெயர் ஜெமிமா. அப்பா ஃபிராங்க்ளின் துறைமுகத்தில் கிளார்க்காக இருந்தவர், இப்போது உயிரோடு இல்லை. டபிள்யூ.ஜி.சி. ரோட்டிலிருந்து உள்ளே போகிற சந்தில், மாடியில் என் கடை. கம்ப்யூட்டர் சர்வீஸ்தான் தொழில் என்றாலும், கெட்டுப்போன டிஸ்க்கிலிருந்து உள்ளே இருப்பதை எடுத்துக் கொடுப்பதில் எனக்குக் கொஞ்சம் பெயர் உண்டு. ஷிப்பிங் ஆபீஸ்காரர்கள், ஸ்டூடியோக்காரர்கள், கல்யாண வீடியோவைத் தொலைத்தவர்கள் எல்லாரும் வருவார்கள்.

மெட்டில்டா மாமி புன்னைக்காயல்காரர். கணவர் சின்ன வயதிலேயே தவறிவிட, தூத்துக்குடிக்கு வந்து ஒரு நர்சரிப் பள்ளியில் டீச்சர் வேலை பார்த்து இரண்டு பிள்ளைகளை வளர்த்தவர். மூத்தவர் கிளாட்வின், சரக்குக் கப்பலில் வேலை. இளையவள் டயானா, குவைத்தில் நர்ஸ். உங்களிடம் புகார் கொடுத்திருப்பது அவள்தான். கிளாட்வினுக்கும் எனக்கும் ஒரு காலத்தில் நிச்சயம் ஆகியிருந்தது. அன்றிலிருந்து மாமி என்று கூப்பிட்டுப் பழகியதால் இப்போதும் அதுதான் வாயில் வருகிறது.

கத்தோலிக்கர்களான எங்களில் கல்யாணத்துக்கு முன்னால் மூன்று ஞாயிறு கோயிலில் ஓலை வாசிப்பார்கள். இன்னாருடைய மகனுக்கும் இன்னாருடைய மகளுக்கும் திருமணம், தடை தெரிந்தவர்கள் சொல்லலாம் என்று சாமியார் பூசையில் அறிவிப்பார். எங்கள் பெயர் இரண்டு ஞாயிறு வாசிக்கப்பட்டது. மூன்றாவது ஞாயிறுக்கு முந்தின நாள் சாயங்காலம் மாமி தன் தம்பி பர்னபாஸைக் கூட்டிக்கொண்டு எங்கள் வீட்டுக்கு வந்தார். கொடுத்த காப்பியைக் குடிக்கவில்லை.

"இந்தக் கல்யாணம் வேண்டாம் அண்ணாச்சி" என்றார்.

அப்பாவுக்கு முதலில் விளங்கவில்லை. "ரெண்டு ஓல வாசிச்சாச்சே மெட்டில்டா. எம்புள்ள என்ன செஞ்சா?"

"அவ ஒண்ணும் செய்யல. தங்கமான புள்ள. எனக்குத்தான் மனசில்ல. காரணம்லாம் கேக்காதிய. யாரு கேட்டாலும் மெட்டில்டாதான் மாட்டேன்னுட்டான்னு சொல்லுங்க. பழிய எம்மேல போடுங்க."

நான் அடுக்களைக் கதவுக்குப் பின்னால் நின்றேன். மறுநாள் பூசைக்குப் போக வேண்டாம் என்று அப்பா சொன்னார். நான் போனேன். வழக்கமாக உட்காரும் இடத்திலேயே உட்கார்ந்தேன். சாமியார் வேறு இருவருடைய ஓலையை வாசித்துவிட்டுப் பீடத்துக்குத் திரும்பிவிட்டார். எங்கள் பெயர் வரும் என்று காத்திருந்த பெண்கள் எல்லாம் ஒரே சமயத்தில் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள்.

காரணம் சொல்லாமல் விட்டால் ஊர் அந்த இடத்தைத் தானே நிரப்பிக்கொள்ளும். எனக்கு வலிப்பு வரும் என்றார்கள். கர்ப்பப்பையில் கட்டி என்றார்கள். கம்ப்யூட்டர் படிக்கப் போன இடத்தில் யாருடனோ பழக்கம் என்றார்கள். அப்பா எங்கள் கோயிலுக்குப் போவதை நிறுத்திவிட்டு வேறு பங்குக் கோயிலில் முதல் பூசைக்குப் போய்க் கடைசி வரிசையில் உட்கார்ந்துவிட்டு வருவார். சாகும்வரை அப்படித்தான். எனக்கு அதன்பின் யாரும் வரன் கொண்டுவரவில்லை.

கிளாட்வின் அந்த வாரமே கப்பலேறிவிட்டார். போன் நம்பரை மாற்றிவிட்டார். அவர்மேல் எனக்குக் கோபம் இல்லை. அம்மா சொல்லைத் தட்டத் தெரியாத பிள்ளை. அவர் என்ன செய்வார்? மாமியை மட்டும் நான் மறக்கவில்லை. மார்க்கெட்டில் எதிரே வந்தால் தலையைக் குனிந்துகொண்டு போவார். நான் குனிந்ததில்லை.

போன வருடத்துக்கு முந்தின வருடம் கிறிஸ்துமஸ் சமயத்தில், பிரேசில் பக்கம் ஒரு துறைமுகத்தில், சரக்கு அறைக்குள் இறங்கும்போது ஏணியிலிருந்து விழுந்து கிளாட்வின் இறந்துபோனார். அடக்கத்துக்கு நான் போகவில்லை. போன வருடம் பனிமய மாதா திருவிழா முடிந்த வாரம், மத்தியான நேரத்தில், மாமி என் கடைப் படியேறி வந்தார். மூச்சு வாங்கியது. ஒரு துண்டில் சுற்றி லேப்டாப் வைத்திருந்தார்.

"ஒன்னிட்ட வரக்கூடாதுன்னுதான் ரெண்டு கட ஏறி எறங்குனேன் ஜெமி. குப்பையில போடுங்கன்னு சொல்லுதானுவ. நீதான் இதெல்லாம் எடுப்பியாம்ல."

"உக்காருங்க மாமி" என்றேன். தண்ணீர் கொடுத்தேன்.

கப்பலில் சிக்னல் இருக்காது. அதனால் கிளாட்வின் ஓய்வு நேரத்தில் லேப்டாப் முன்னால் உட்கார்ந்து அம்மாவோடு பேசுவது போலப் பேசிப் பதிவு செய்து வைப்பாராம். கரை சேர்ந்ததும் அனுப்புவார். கடைசிப் பயணத்தில் பேசியதெல்லாம் அனுப்பாமலேயே உள்ளே கிடந்தது. பெட்டி பல மாதம் கழித்து ஏஜென்ட் மூலமாக வந்தபோது லேப்டாப் திறக்கவில்லை. கறுப்புத் திரையில் ஒரு வரி வெள்ளை எழுத்து மட்டும்.

"அவன் கொரலு அதுக்குள்ள இருக்கு ஜெமி. மொகம் கூட வேண்டாம். கொரலக் கேட்டாப் போதும்."

"ஒண்ணும் போவாது மாமி" என்றேன்.

என் வேலையை நான் எப்படிச் செய்தேன் என்று கேட்டீர்கள். முதலில் மின்சாரமும் ஒயரும் சரியாக இருக்கிறதா என்று பார்த்தேன். பிறகு லேப்டாப் தன் டிஸ்க்கை அடையாளம் காண்கிறதா என்று பார்த்தேன், கண்டது. அதுவே நல்ல சகுனம். டிஸ்க்கைக் கழற்றிக் காதருகே வைத்துச் சுழலவிட்டேன். கெட்ட டிஸ்க் என்றால் பல்லி கத்துவது போல டிக் டிக் என்று சத்தம் வரும். இதில் வரவில்லை. வேறொரு கம்ப்யூட்டரில் மாட்டி, முழுவதையும் அப்படியே ஒரு புது டிஸ்க்கில் நகல் எடுத்தேன். அசலில் கை வைக்காமல் நகலில்தான் வேலை செய்ய வேண்டும். இந்தத் தொழிலின் முதல் ஒழுக்கம் அது. நகலைத் திறந்தபோது தெரிந்தது. பயணத்தில் எங்கோ அடிபட்டதில், கம்ப்யூட்டர் தொடங்கும்போது படிக்க வேண்டிய பகுதி மட்டும் சிதைந்திருந்தது. மற்ற எல்லாம் பத்திரமாக இருந்தது. அரை நாள் வேலை.

சாயங்காலத்துக்குள் எல்லாப் பதிவுகளையும் பார்த்து முடித்துவிட்டேன். கொஞ்சம் பருத்திருந்தார். தாடி வைத்திருந்தார். பின்னால் இஞ்சின் இரைச்சல் ஓயாமல் ஓடிக்கொண்டிருந்தது.

மறுநாள் மாமிக்குப் போன் செய்து, டிஸ்க் ரொம்பத் தேய்ந்திருக்கிறது, படம் வராது, குரல் மட்டும் வரும், அதுவும் ஒரே அடியாக வராது, கொஞ்சம் கொஞ்சமாகத்தான் எடுக்க முடியும் என்று சொன்னேன். மாமி போனிலேயே அழுதார். "ஒனக்குக் கோடிப் புண்ணியம்ளா" என்றார்.

செவ்வாய்க்கிழமைதோறும் கோயிலில் அந்தோணியார் நவநாள் ஜெபம் முடிந்ததும் கடைக்கு வருவார். நான் ஒரு பதிவைப் போட்டுக் காட்டி, பென் டிரைவில் ஏற்றிக் கொடுப்பேன். ஆரம்பத்தில் கொடுத்ததெல்லாம் அசல். ஒரு நொடியைக்கூட மாற்றவில்லை. கப்பல் சமையல்காரன் சாம்பாரில் சர்க்கரை போட்ட கதை. கடலில் பார்த்த திமிங்கிலம். அம்மா கையால் குழம்பு சாப்பிட ஆசையாக இருக்கிறது என்று சொன்னது. மாமி ஹெட்போனை இரண்டு கையாலும் அழுத்திப் பிடித்துக்கொண்டு கேட்பார். பதில் சொல்லுவார். "சாப்புட்டியா? தூங்குனியா?" என்று கேட்பார். வரும்போது எனக்கு மக்ரூன் வாங்கிவருவார். பிறகு வீட்டிலேயே மீன் குழம்பு வைத்துத் தூக்குவாளியில் கொண்டுவர ஆரம்பித்தார். முகத்தில் ரத்தம் ஊறியது. அந்தச் சில வாரங்கள் அவருக்கு மகன் திரும்பக் கிடைத்தது போல இருந்தது என்பதை நான் மறுக்கவில்லை. அது தேவையாகவும் இருந்தது. நான் கொடுப்பது எதுவானாலும் உண்மை என்று அவர் நம்பியிருக்க வேண்டும்.

அதன்பிறகுதான் கருவாட்டுப் பதிவைக் கொடுத்தேன்.

கிளாட்வின் ஊரிலிருந்து கிளம்பும்போது மாமி அவருக்குத் தெரியாமல் பெட்டியின் அடியில் சீலாக் கருவாடு வைத்துவிட்டிருக்கிறார். அது பை கிழிந்து, துணியெல்லாம் நாறி, அறையில் கூட இருந்தவன் கேப்டனிடம் போய்ப் புகார் சொல்லியிருக்கிறான். அதைச் சொல்லும்போது கிளாட்வின் இப்படி ஆரம்பிக்கிறார்: "அம்மா, நீங்க செஞ்ச வேலய நா சாகுற வரைக்கும் மன்னிக்க மாட்டேன்." முகத்தைக் கடுகடு என்று வைத்துக்கொண்டு சொல்லிவிட்டு, உடனே அடக்க முடியாமல் சிரித்துவிடுவார். அப்புறம் கருவாட்டுக் கதை.

நான் அந்த வாக்கியத்தை வைத்துக்கொண்டேன். சிரிப்பை மட்டும் வெட்டினேன். அதற்கப்புறம் வெறும் இஞ்சின் இரைச்சல்.

அவர் பேசாத ஒரு சொல்லைக்கூட நான் எங்கேயும் சேர்க்கவில்லை. இதை நீங்கள் குறித்துக்கொள்ள வேண்டும்.

மாமி அதை ஒருமுறை கேட்டார். "திருப்பிப் போடு" என்றார். மறுபடி கேட்டார். கண்ணாடியைக் கழற்றிச் சேலைத் தலைப்பால் துடைத்துவிட்டு, துடைத்ததை மாட்டிக்கொள்ளாமல் மடியில் வைத்துக்கொண்டார்.

"எத மன்னிக்க மாட்டேங்கான்?"

"தெரியல மாமி. முன்ன பின்ன வரல. அந்த எடம் தேஞ்சிருக்கு."

என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு மெதுவாக, "ஒன் விசயமா இருக்குமோ?" என்றார். நான் ஒரு டிஸ்க்கின் திருகாணியைக் கழற்றிக்கொண்டிருந்தேன். "அன்னைக்கு நா வேற மாதிரி செஞ்சிருக்கணும் ஜெமி" என்றார். பென் டிரைவை எடுக்காமலே எழுந்து போனார். நான் பின்னால் ஓடிப்போய்ப் படியில் வைத்துக் கையில் கொடுத்தேன்.

அடுத்ததற்குக் கொஞ்சம் உழைக்க வேண்டியிருந்தது. ஒரு பதிவில், இஞ்சினியர் ஒருவர் வேலையாளைத் திட்டியதை கிளாட்வின் அப்படியே நடித்துக் காட்டுவார். "ஒன் மூஞ்சியப் பாக்கவே பிடிக்கல" என்று நல்ல கோபமான குரல். ஆனால் அம்மாவிடம் அவர் எப்போதும் நீங்கள் என்றுதான் பேசுவார். அதனால் அது பயன்படவில்லை. வேறொன்றில், பழைய கப்பலில் மாட்டிவிட்ட மும்பை ஏஜென்டிடம் தான் பேசியதைச் சொல்லியிருந்தார்: "ஒங்க பேச்ச நம்பித்தான் வந்தேன். என் வாழ்க்கையே போச்சு." அது பொருந்தியது. பிரேசில் மாம்பழத்தைத் தின்றபின் வீட்டுக்கு வரவே தோன்றவில்லை என்று வேடிக்கையாகச் சொன்ன ஒரு பதிவு இருந்தது. மாம்பழத்தை எடுத்துவிட்டால் போதும். இஞ்சின் சத்தம் எல்லாவற்றுக்கும் பின்னால் ஒரே மாதிரி ஓடியதால் ஒட்டிய இடம் காதுக்குத் தெரியவில்லை. நல்ல வேலை என்றுதான் இப்போதும் நினைக்கிறேன்.

மாமி மெலிந்துபோனார். மீன் குழம்பு நின்றது. நவநாளுக்குப் போவதை விட்டுவிட்டு நேராகக் கடைக்கே வந்தார். நான் ஒன்றும் வரவழைக்கவில்லை, அவராகத்தான் வந்தார். ஹெட்போனை ஒருநாள் மாட்டாமல் கையிலேயே வைத்துக்கொண்டு கேட்டார்:

"ஏளா ஜெமி, நல்லதா ஏதாச்சும் ஒண்ணு இருக்கா? ஒரே ஒண்ணு. சும்மா, சாப்புட்டேன், தூங்குனேன்னு சொல்லுத மாதிரி."

"தேடுதேன் மாமி" என்றேன்.

அவை என் கம்ப்யூட்டரில் ஒரு தனி ஃபோல்டரில் இருந்தன. நிறையவே இருந்தன.

படியேற முடியாமல் போனபிறகு நான் அவர் வீட்டுக்குப் போய்ப் போட்டுக் காட்டினேன். மாமியின் தம்பி பர்னபாஸ் சென்னையில் மகனோடு இருக்கப் போய்விட்டார். டயானா குவைத்திலிருந்து என்னைக் கூப்பிட்டு, "அக்கா, நீங்க இருக்கதாலதான் நா நிம்மதியா இருக்கேன்" என்பாள். மாமிக்கு நெஞ்சுக்கும் பிரஷருக்கும் மாத்திரை உண்டு. நான்தான் மெடிக்கலில் வாங்கிப் போய்க் கொடுப்பேன். ஒருமுறை ஃப்ரிட்ஜ் மேல் போன மாதத்து அட்டைகள் உடைக்காமல் அப்படியே இருந்ததைப் பார்த்தேன்.

"மாத்திர போடலியா மாமி?"

"எதுக்கு?" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. உண்மையிலேயே தெரியாமல் கேட்பது போலக் கேட்டார்.

"ஒங்க இஷ்டம். வச்சிட்டுப் போறேன்" என்று புது அட்டையைப் பழையதின் மேல் வைத்தேன். அந்த வாரம் டயானா கேட்டாள்: "அம்மா மாத்திர ஒழுங்காப் போடுதாங்களாக்கா?" "போடுதாங்க" என்றேன். நான் சொன்ன நேரடியான பொய் என்று பார்த்தால் அது ஒன்று.

அந்த நாட்களில் மாமி சில தடவை என் கையைப் பிடித்துக்கொண்டு, "ஒன்னிட்ட ஒண்ணு சொல்லணும் ஜெமி" என்று ஆரம்பிப்பார். நான் எல்லா வேலையையும் நிறுத்திவிட்டு அவர் முகத்தைப் பார்ப்பேன். "சொல்லுங்க மாமி" என்பேன். நிஜமாகவே காத்திருப்பேன். கொஞ்ச நேரம் வாய் அசையும். அப்புறம், "ஒண்ணுமில்ல. நீ நல்லா இருக்கணும்" என்று கையை விட்டுவிடுவார்.

பக்கவாதம் வந்தது ஒரு காலை நேரத்தில். பால்காரர் கதவைத் தட்டிப் பார்த்துவிட்டு எனக்குப் போன் செய்தார். ஆஸ்பத்திரியில் சேர்த்தேன். வலது பக்கம் விழுந்துவிட்டது, பேச்சு இல்லை. டயானா வந்து சேரும்வரை நான்தான் கூட இருந்தேன். துடைத்துவிட்டேன், திருப்பிப் படுக்க வைத்தேன், கஞ்சி புகட்டினேன். நர்சுகள் என்னை மருமகள் என்று நினைத்தார்கள். நான் திருத்தவில்லை. டயானா வந்த மறுநாள் மாமி இறந்துபோனார். புன்னைக்காயலில், மகன் பக்கத்திலேயே அடக்கம் செய்தோம்.

எப்படித் தெரியவந்தது என்பது உங்களுக்கே தெரியும். அம்மாவுடைய பென் டிரைவில் அண்ணன் குரலைக் கேட்க டயானா உட்கார்ந்திருக்கிறாள். கருவாட்டுக் கதையை கிளாட்வின், வழியில் ஒரு துறைமுகத்தில் கொஞ்ச நேரம் சிக்னல் கிடைத்தபோது, போனில் அவளுக்கும் குரல் செய்தியாகச் சொல்லி அனுப்பியிருக்கிறார், கிட்டத்தட்ட அதே வார்த்தைகளில். சிரிப்போடு. அதை நான் எதிர்பார்க்கவில்லை. டயானா என் கடைக்கு வந்து மேசைமேல் இரண்டையும் வைத்து ஒன்றன்பின் ஒன்றாக ஓடவிட்டாள். என்னை அடிப்பாள் என்று நினைத்தேன். அடிக்கவில்லை.

"கல்யாணம் நின்னதுக்காகவாக்கா?" என்று கேட்டாள்.

"ஆமா" என்றேன்.

அவள் உங்களிடம் எழுதிக் கொடுத்ததும் அதுதான். கல்யாணத்தை நிறுத்தியதற்காக மாமியைப் பழிவாங்கினாள் என்று. நீங்களும் அப்படியே முடித்துக்கொள்ளலாம். என் லேப்டாப், டிஸ்க்குகள் எல்லாவற்றையும் ஆய்வகத்துக்கு அனுப்பப்போவதாகச் சொன்னீர்கள். வெட்டிய பதிவுகளும் வெட்டாத பதிவுகளும் கிடைக்கும். ஒன்று மட்டும் கிடைக்காது. அதை நான் அழித்து, அதன்மேல் வேறு எழுதி, திரும்ப எடுக்க வழியில்லாமல் செய்துவிட்டேன். அசல் டிஸ்க்கிலும் இல்லை. என்னாலேயே முடியாது என்றால் வேறு யாராலும் முடியாது. அதனால் அதில் இருந்ததை இங்கே எழுதிவிடுகிறேன். ஒரு சொல் விடாமல் எனக்குப் பாடம்.

கிளாட்வின் கட்டிலில் உட்கார்ந்திருக்கிறார். அன்று தாடி இல்லை. பேசுகிறார்:

"அம்மா, இங்க ஒரு பிலிப்பைன்ஸ் பையன், கல்யாணம் நின்னு போச்சுன்னு இன்னைக்கு அழுதான். எனக்கு நம்ம விசயம் ஞாபகம் வந்துட்டு. ரெண்டு ஓல வாசிச்ச பொறவு, எனக்கு வேண்டாம்மான்னு ஒங்க மடியில வந்து விழுந்தேன். ஏன்னு கூட நீங்க ரொம்பக் கேக்கல. நீ கப்பலுக்குப் போ, நா பாத்துக்கிடுதேன்னு சொன்னிய. இன்னைக்கு வரைக்கும் ஊரு ஒங்களத்தான் ஏசுது. ஒருநாளும் நா ஒங்களுக்கு நன்றி சொன்னதில்ல. இந்தத் தடவ வந்ததும் அந்தப் புள்ள வீட்டுக்குப் போயி நானே சொல்லிருதேன். நீங்க சொமந்தது போதும்மா."

அவ்வளவுதான். ஏன் வேண்டாம் என்றார் என்பதைச் சொல்லவில்லை. என் பெயரையும் சொல்லவில்லை. மற்ற எல்லாப் பதிவுகளிலும் தேடினேன். சமையல்காரன் பெயர் இருந்தது, திமிங்கிலத்துக்குக்கூட ஒரு பெயர் வைத்திருந்தார். என் பெயர் எங்கும் இல்லை.

இதை நான் பார்த்தது முதல் நாள் சாயங்காலம், மேடம். மாமிக்கு முதல் போன் செய்வதற்கு முன்னால். எதையும் வெட்டுவதற்கு ரொம்ப முன்னால்.

அப்படியானால் மாமி நிரபராதி என்று தெரிந்துதானே செய்தாய் என்று நீங்கள் கேட்பீர்கள். தெரியும். ஆனால் அவருக்கு நான் வாய்ப்பே கொடுக்கவில்லை என்று சொல்ல முடியாது. "நா இல்ல ஜெமி, அவன்தான் வேண்டாம்னான்" என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அன்றே நிறுத்தியிருப்பேன். ஒவ்வொரு வாரமும் அதற்காகத்தான் அவர் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தேன். மகன் தன்னைச் சபித்துவிட்டுச் செத்தான் என்று நம்பியபோதும் அவர் அவனைக் காட்டிக் கொடுக்கவில்லை. என்னை வேண்டாம் என்றது அவன்தான் என்று எனக்குத் தெரிந்தால் நான் தாங்கமாட்டேன் என்று நினைத்தாரோ என்னவோ. அந்தக் கரிசனத்தை நான் கேட்கவில்லை.

ஆஸ்பத்திரியில் ஒரு மத்தியானம் நாங்கள் இருவர் மட்டும் இருந்தோம். இந்தப் பதிவின் கடைசி நகல் அப்போது என் போனில் இருந்தது. மாமிக்குக் கண் தெளிவாக இருந்தது, காதும் கேட்கும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். ஹெட்போனை அவர் காதில் வைத்து ஒரு தடவை தட்டினால் போதும். ஹெட்போனை எடுத்தேன். அதைப் பார்த்ததும் மாமி முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொள்ளப் பார்த்தார், முடியவில்லை. பயந்துபோயிருந்தார். நான் ஹெட்போனைப் பைக்குள் வைத்துவிட்டு, அவர் பக்கத்தில் உட்கார்ந்தபடியே அந்தப் பதிவை அழித்தேன்.

கிளாட்வினை நான் என்ன செய்ய முடியும், மேடம்? அவன் போய்விட்டான். அவனுக்கு வலிக்கிற இடம் என்று இந்த உலகத்தில் மிச்சம் இருந்தது அவன் அம்மா மட்டும்தான்.